உங்களுக்குத் தெரியுமா? பராக்குப் பார்க்கும் பிள்ளைகள்

பள்ளி திறந்து இரண்டு மாதம் போனால் போதும், நெமிலி வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மிஸ்களிடமிருந்து வீட்டுக்கு வரும் புகார் பெரும்பாலும் இதுதான்: "பையன் ஓரிடத்துல குந்த மாட்டறான், எந்நேரமும் பராக்குப் பாக்கறான்." அம்மா ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க ஓடும் நேரமாகப் பார்த்து இது காதில் விழும். தாயத்து கட்டலாம் என்பார் ஆயா. டியூஷன் போடலாம் என்பார் அப்பா. இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் சில இங்கே.

★

உங்கள் பிள்ளை பிறந்தது ஜூலையிலா, ஆகஸ்டிலா? தமிழ்நாட்டில் ஜூலை 31-க்குள் 5 வயது நிரம்பினால் ஒன்றாம் வகுப்பு. ஜூலைக் கடைசியில் 5 முடித்தவனும் முந்தைய ஆகஸ்டிலேயே 5 முடித்தவனும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். இடையில் ஏறக்குறைய ஒரு வருடம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது அவன் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. சின்னவன் நெளிவான், எழுந்து ஓடுவான், பென்சிலைக் கடிப்பான். பெரியவனோடு ஒப்பிட்டால் அது குறையாகத் தெரியும்.

அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லைத் தேதியாக வைத்திருக்கும் மாநிலங்களை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. வகுப்பிலேயே சின்னவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, செப்டம்பரில் பிறந்த பெரியவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' என்ற முத்திரை விழுந்திருந்தது. சுருக்கமாக ஏ.டி.ஹெச்.டி. என்கிறார்களே, அதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2012-இல் இதே கதை. பிறந்த மாதம் மூளையைக் கெடுக்குமா என்ன? ஒப்பிடும் ஆள்தான் தப்பு.

நம் தாத்தாக்கள் காலத்தில் பாதி ஊருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள், ஹெச்.எம். வைத்த பிறந்தநாள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் அட்மிஷன். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தேதியைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துச் சேர்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

★

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பட்டையில் இருக்கும் டானின்தான் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கி அதை அழுகாமல் காக்கிறது. காலையில் பிள்ளைக்குப் பொறையோடு கொடுக்கும் டீயிலும் அதே குடும்பத்துச் சரக்கு உண்டு. வயிற்றுக்குள் போய் அது பிடித்துக்கொள்வது இரும்புச் சத்தை. சாப்பாட்டோடு டீ குடித்தால் தானியம், கீரையிலிருந்து உடம்பில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இரும்புக்கும் பராக்குக்கும் என்ன சம்பந்தம்? மூளையில் டோபமைன் சுரக்க இரும்பு வேண்டும். கவனத்தை ஒரு வேலையில் நிறுத்தி வைக்கும் ரசாயனம் அது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட இது கூடுதல். ஆக ஒன்றாம் வகுப்பில் பலர் சோர்ந்த ரத்தத்தோடுதான் அ, ஆ எழுத உட்காருகிறார்கள். 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை (45 மி.கி. இரும்பு) அரசுத் திட்டத்தில் உண்டு. "வயித்தைப் பெரட்டுது" என்று பிள்ளை அதைப் பையிலேயே வைத்திருக்கிறானா என்று ஒருமுறை துழாவிப் பாருங்கள். டீயை முழுக்க நிறுத்த மனசு வராவிட்டால், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளியாவது கொடுக்கலாம்.

★

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10: குடற்புழு நீக்க நாட்கள். அல்பெண்டசோல் 400 மி.கி., 2 வயதுக்கு மேல் ஒரு முழு மாத்திரை, மென்று விழுங்க வேண்டும். கொக்கிப் புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது கீரையும் மாத்திரையும் கொடுத்துப் பயனில்லை.

★

காலைச் சாப்பாடு இருந்தால் பிள்ளை கவனிப்பான் என்பது பொதுவாக உண்மை. ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. 1990களில் ஜமைக்காவின் கிராமப் பள்ளிகள் நான்கில் காலை உணவு கொடுத்து, பிறகு வகுப்பில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். தனித்தனி வகுப்பறையும் போதிய மேசை நாற்காலியும் இருந்த பள்ளியில் பிள்ளைகள் வேலையில் கூடுதல் கவனம் வைத்தார்கள். நெரிசலும் இரைச்சலுமாக இருந்த மற்றப் பள்ளிகளில் கவனம் குறைந்தது. வயிறு நிறைந்த தெம்பில் பேச்சும் ஆட்டமும் கூடிவிட்டன!

நம் ஊர்க் கதை இதில் நீளமானது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிட்டி. தியாகராயர் காலத்து மதிய உணவு, 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-இல் கருணாநிதியின் முட்டை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அம்மா ஆறு மணிக்கே வேன் ஏறும் வீடுகளுக்கு அந்த உப்புமாவும் பொங்கலும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நெமிலியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்த பிள்ளையை எந்த அறையில், எத்தனை பேரோடு உட்கார வைக்கிறோம் என்பதுதான் அடுத்த கேள்வி. ஜமைக்கா அதைத்தான் கேட்கிறது.

★

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குத் திமிர் என்பது நம் முதல் முடிவு. சளி பிடித்து காதுக்குள் நீர் கோத்துக்கொண்டால் வலி இருக்காது, சீழும் வராது. கேட்பது மட்டும் மந்தமாகும், தலையைத் தண்ணீருக்குள் வைத்துக் கேட்பது மாதிரி. இன்று கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. அதனால்தான் "அவனுக்கு வேணுங்கறது மட்டும் காதுல விழும்" என்று பெயர் வாங்குகிறான்.

கண்ணும் அப்படியே. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். உயரமான பிள்ளையானால் கடைசி பெஞ்ச் வேறு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு (2013-இல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம்' குழு) கண், காது, ரத்தசோகை, வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றையும் பார்க்கும். அன்றைக்கு லீவு போட்டுவிடாதீர்கள்.

★

பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை சட்டென்று நின்றுபோகிறது. ஐந்து, பத்து விநாடி வெறித்த பார்வை, இமை லேசாகத் துடிக்கும். கூப்பிட்டாலும் தொட்டாலும் பதில் இல்லை. பிறகு எதுவும் நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இது ஒரு நாளில் பலமுறை. இது கனவு காண்பதும் இல்லை, காற்று கருப்பும் இல்லை. ஒரு வகை வலிப்பு நோய் இப்படி வரும், 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும், கை கால் உதறாது. அதனால் மாதக்கணக்கில் "பராக்கு" என்றே திட்டு வாங்கும். பராக்குப் பார்க்கும் பிள்ளையைத் தொட்டால் திரும்பிவிடும், இந்தப் பிள்ளை திரும்பாது. மருத்துவர் வேகமாக மூச்சு ஊதச் சொல்லிப் பார்ப்பார், இ.இ.ஜி. எடுப்பார். மருந்தில் நன்றாகக் கட்டுப்படும் நோய் இது. செல்போனில் ஒருமுறை படம் பிடித்துக் காட்டினால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

★

இனி நம் மாவட்டத்துச் சங்கதி ஒன்று. நெமிலி முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்தது, 2019 நவம்பர் 28-இல்தான் ராணிப்பேட்டைக்கு வந்தது. 1990களில் வேலூர்ப் பகுதியில் சில நூறு, சில ஆயிரம் ரூபாய் கடனுக்காகப் பீடி சுற்ற அடகு வைக்கப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அவர்களை மீட்டுப் படிக்க வைக்க முனைந்தார் அப்போதைய மாவட்ட ஆட்சியர் எம்.பி. விஜயகுமார். மீட்பதைவிட உட்கார வைப்பது கஷ்டமாக இருந்தது. பத்து வயதில் அகரம் தெரியாதவனும் எட்டு வயதில் எழுத்துக் கூட்டுபவளும் ஒரே அறையில். விடிந்ததிலிருந்து கையால் வேலை செய்தே பழகிய பிள்ளைகள், வாயைப் பொத்திக்கொண்டு கரும்பலகையை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்?

விடை ஆந்திராவில், மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலியில் கிடைத்தது. அங்கே பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். பாடம் புத்தகமாக இருக்காது. சின்னச் சின்ன அட்டைகளாக உடைத்து, ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு படச் சின்னம். பிள்ளை தன் படியைப் பார்த்து, எழுந்து போய், தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து வந்து பாயில் உட்காரும். முடித்தால் அடுத்த படி. காய்ச்சலில் நாலு நாள் வராவிட்டால், வந்த அன்று விட்ட படியிலிருந்து தொடரும்.

வேலூர் அனுபவத்தோடு விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராகப் போனார். 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் இது 'செயல்வழிக் கற்றல்' ஆனது. அமுக்தா மகாபாத்ரா போன்ற மாண்டிசோரி அனுபவமுள்ள கல்வியாளர்களும் கைகொடுத்தார்கள். 2007-08-இல் மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. இன்று இருபது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள்: சுவரோரம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஓடிய கரும்பலகை, அதில் தனக்கென்று ஒரு கட்டம், தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கிய தன் ஓவியம், தானே போட்டுக்கொண்ட அட்டெண்டன்ஸ் எல்லாம் சொல்வார்கள்.

கவனத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஒரு அட்டை என்பது சில நிமிட வேலை. முடித்ததும் எழுந்து நடக்கலாம். எழுந்ததற்குத் திட்டு இல்லை, எழுந்திருப்பதே பாடத்தின் பகுதி. தன்னைவிட வேகமானவனுக்காக ஓடவும் வேண்டாம், மெதுவானவனுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். பராக்கு பெரும்பாலும் பிறப்பது இந்த இரண்டு இடங்களில்தானே? அட்டை காணாமல் போகும், நாற்பது பேரையும் ஒரு டீச்சரால் பார்க்க முடியாது, எல்லோரும் சேர்ந்து கதை கேட்கும் சுகம் போயிற்று என்ற குறைகளும் நியாயமானவை. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்து, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. பெயர் மாறினாலும் வேலூர்ப் பாயில் கேட்ட கேள்விதான் அதிலும்.

★

மரியா மாண்டிசோரி ரோமில் 1907-இல் தொடங்கிய பள்ளியில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார் மாண்டிசோரி, அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார், உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், போரில் மாட்டிக்கொண்டு கொடைக்கானலிலும் சில காலம் பள்ளி நடத்தினார்.

உங்கள் பிள்ளை எதில் இப்படி மூழ்குகிறான்? மண்ணிலா, சைக்கிள் செயினிலா, எறும்புப் புற்றிலா? அதைக் குறித்து வையுங்கள். கவனம் இல்லாத பிள்ளை என்று ஒன்று அநேகமாக இல்லை.

★

திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதப் பழகியதைச் சென்னையில் பார்த்து அசந்துபோனவர் ஆண்ட்ரூ பெல். எழும்பூர் ராணுவ அனாதைப் பிள்ளைகள் காப்பகத்தில் 1789 முதல் பொறுப்பில் இருந்தவர். மணல் எழுத்தையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் எடுத்துக்கொண்டு 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்க அது பரவியது. நாம் மணலை விட்டுவிட்டு மூன்று வயதில் நான்கு கோட்டு நோட்டுக்கு வந்துவிட்டோம். பென்சில் பிடிக்க விரல் வலிக்கும் பிள்ளைக்குத் தாம்பாளத்தில் அரிசியோ மணலோ பரப்பிக் கொடுங்கள். விஜயதசமிக்கு மட்டும்தான் என்று சட்டமா?

★

வகுப்பறைச் சுவர் முழுக்க ரயில் பெட்டி, யானை, உலக உருண்டை, ஏ ஃபார் ஆப்பிள். பார்க்க அழகு. 2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மழலையர் 24 பேருக்குச் சில பாடங்களை வெறும் சுவர் அறையிலும் சிலவற்றை அலங்கார அறையிலும் நடத்தினார்கள். வெறும் சுவர் அறையில் நேரத்தில் 28 சதவீதம் பராக்கில் போனது, அலங்கார அறையில் 39 சதவீதம். தேர்வில் வெறும் சுவருக்கு 55, அலங்காரச் சுவருக்கு 42. படத்தை அழிக்க வேண்டாம். கரும்பலகை இருக்கும் சுவரை மட்டும் சும்மா விடலாம்.

★

நவராத்திரிக்குப் பாலா பீடம் கோயிலுக்குப் போய் இனிப்பு தின்று வந்த பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு வீட்டைத் தலைகீழாக்கினால், பழி சர்க்கரைமேல் விழும். 1995-இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையையோ கவனத்தையோ மாற்றவில்லை. இன்னொரு சோதனை இன்னும் சுவாரசியம். சர்க்கரையே இல்லாத பானத்தைக் குடிக்கவைத்து, "உங்க பையனுக்கு நிறைய சர்க்கரை கொடுத்திருக்கு" என்று அம்மாக்களிடம் சொன்னார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பையன் ரொம்ப ஆடுகிறான் என்று மதிப்பெண் போட்டார்கள், அதட்டலும் கூடியது. கூட்டம், கொலு, கண்விழிப்பு, சொந்தக்காரப் பிள்ளைகள்: ஆட்டத்துக்கு அவை போதாதா? பல்லுக்காகச் சர்க்கரையைக் குறைப்பது வேறு கணக்கு.

★

தோல் பகுதியில் இருந்துகொண்டு எல்லாக் கோளாறையும் குரோமியத்தின் தலையில் கட்டுவது நமக்குப் பழக்கம். ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவு நிஜமான தலைவலிதான். ஆனால் பிள்ளைகளின் கவனத்தைக் கெடுப்பதில் சான்று மலையாகக் குவிந்திருப்பது ஈயத்துக்கு எதிராக. சென்னைத் தொடக்கப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகள் 756 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2009-இல் முடிவு வெளியானது. சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்கா இன்று 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது. ஈயம் கூடக் கூட, ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டில் பதற்றமும் கவனக்குறைவும் கூடின.

பெட்ரோலிலிருந்து ஈயம் 2000-இல் போனது. வீட்டு பெயிண்டில் 90 பி.பி.எம்.-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலானது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் உரிந்து தூளாகும் ஜன்னல் கம்பியை உங்கள் பிள்ளை நக்குகிறானா? பழைய ஆட்டோ பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி உடைக்கும் இடம் பக்கத்தில் உண்டா? அப்பா அந்த வேலைக்குப் போகிறவரானால், வேலைத் துணியோடு பிள்ளையைத் தூக்காமல், குளித்துவிட்டுத் தூக்கட்டும்.

★

6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். கம்பெனி ஷிஃப்ட் முடிந்து அம்மா ஏழரைக்கு வீடு சேர்ந்து, சமைத்து, சாப்பாடு ஊட்டி, பிள்ளையோடு அரை மணி பேசினால் பத்தரை. காலை ஆறுக்கு வேன் ஹாரன் அடித்தால் தூக்கம் ஏழரை மணி நேரம். அந்த அரை மணிப் பேச்சை வெட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயா ஏழு மணிக்கே சாப்பாடு போட்டு, ஹோம்வொர்க் முடித்து, அம்மா வந்ததும் பேச்சும் படுக்கையும் மட்டும் என்று வைத்தால் ஒரு மணி நேரம் மிஞ்சும். ஆயாவின் சீரியல் அதில் அடிபடும்தான்.

தூக்கம் குறைந்த பெரியவர்கள் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். இந்தத் தலைகீழ்க் குணம்தான் நம்மை ஏமாற்றுகிறது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு வீங்கியிருக்கலாம். படுத்தது பத்து மணி நேரமானாலும் நல்ல தூக்கம் கிடைத்திருக்காது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

★

"மனுசனோட கவனம் 8 விநாடி, தங்கமீன் 9 விநாடி" என்று சுற்றும் வாட்ஸாப் செய்தியை நம்பாதீர்கள். 2015-இல் ஒரு நிறுவன அறிக்கை வழியாகப் பரவியது, பின்னால் எந்த ஆராய்ச்சியும் கிடையாது. பாவம், தங்கமீனுக்கும் நல்ல ஞாபகசக்தி உண்டு.

★

கால் ஆட்டுகிறான், பெஞ்சில் நெளிகிறான். நிறுத்தச் சொல்லலாமா? 2015-இல் மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வில், ஏ.டி.ஹெச்.டி. உள்ள 8-12 வயதுப் பையன்கள் அசைய அசைய நினைவாற்றல் சோதனையை நன்றாகச் செய்தார்கள். அது இல்லாத பையன்கள் அசைந்தபோது சொதப்பினார்கள். அதே அசைவு ஒருவனுக்குக் கைத்தடி, இன்னொருவனுக்குத் தடைக்கல். அடுத்த பிள்ளைக்குத் தொந்தரவு இல்லாதவரை கால் ஆடட்டும். டஸ்டர் எடுத்து வர, நோட்டு அடுக்க, பக்கத்து வகுப்புக்குச் சேதி சொல்ல என்று அவனைத்தான் அனுப்ப வேண்டும். பல டீச்சர்கள் நேர்மாறாக, அமைதியான பிள்ளையை அனுப்புகிறார்கள்.

★

வீட்டில்: "பையை எடு, ஷூ போடு, டிபன் பாக்ஸ் எடுத்தியா, ஐடி கார்டு எங்க?" நான்கு கட்டளை, ஒரே மூச்சில், சமையலறையிலிருந்து. ஆறு வயது மூளைக்குள் ஒன்று நிற்கும், அதுவும் கடைசியாகச் சொன்னதாக இருக்கும். கிட்டே போய், தோளில் கை வைத்து, கண்ணைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்லி, அதை அவனையே திருப்பிச் சொல்ல வையுங்கள். முடித்ததும் அந்த நொடியே, என்ன செய்தான் என்று சொல்லிப் பாராட்டுங்கள்: "கூப்பிட்டதும் வந்து ஷூ போட்டுட்டியே." ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதி திங்கட்கிழமை பிள்ளைக்கு எட்டாத தூரம்.

ஹோம்வொர்க் ஒரு மணி நேரம் என்றால் அதை ஆறு பத்து நிமிடங்களாக வெட்டுங்கள். குக்கர் மூணு விசில் வருவதற்குள் நாலு வரி. பிறகு எழுந்து வாசல்வரை ஓடி வரட்டும். சுவரைப் பார்த்த இடம், டி.வி. அணைந்திருக்க வேண்டும், மேலே ஒரு நோட்டு மட்டும். இவ்வளவும் செய்தும் முதல் வாரத்தில் ஒன்றும் மாறாது. இரண்டாவது வாரத்தில் வீட்டில் யாராவது "இதெல்லாம் வேலைக்காகாது, ரெண்டு போடு" என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை.

★

இது செல்போன் காலத்து நோய் என்பவர்களுக்கு: ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன் 1840களிலேயே, சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி மேசை விரிப்போடு கவிழும் பிலிப் என்ற பையனைப் படத்தோடு வரைந்துவிட்டார். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் 1902-இல் இப்படிப்பட்ட 43 பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவே நிகழ்த்தினார். செல்போன் இருப்பதைக் கூட்டலாம். 5 முதல் 10 வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மணிக்குள் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம்.

★

எப்போது இது நிஜமான ஏ.டி.ஹெச்.டி.? குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் பள்ளியைப் பாருங்கள், ஒரு மிஸ்ஸின் பீரியடில் மட்டும் என்றால் சொல்லவே வேண்டாம். கோயம்புத்தூர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2013-இல் வந்த கணக்கு 11.32 சதவீதம், அதாவது நாற்பது பேர் வகுப்பில் நாலைந்து. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பையன்கள். பெண் பிள்ளைகள் அவ்வளவாக ஓடுவதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சமத்தாக உட்கார்ந்திருப்பார்கள், அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

மற்றப் பாடத்தில் கெட்டி, வாசிக்கச் சொன்னால் மட்டும் தலைவலி, வயிற்றுவலி என்றால் அது டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அது உண்டு. ஏ.டி.ஹெச்.டி. தனியாக அந்தப் பட்டியலில் இல்லை.

★

ஏ.டி.ஹெச்.டி.க்குக் கொடுக்கும் ரிட்டாலின் மாத்திரையை 1944-இல் ஸ்விட்சர்லாந்தில் உருவாக்கிய லியாண்ட்ரோ பனிஸோன், தன் மனைவி ரீட்டாவின் பெயரை வைத்தார். அந்த அம்மா டென்னிஸ் ஆடுமுன் போட்டுக்கொள்வாராம். இந்தியாவில் கடும் கட்டுப்பாடுள்ள மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. சீட்டு இல்லாமல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 6 வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை மருந்து கிடையாது, பெற்றோருக்கான பயிற்சிதான். அந்த வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மருத்துவர் எழுதினால் "பைத்தியத்துக்குக் கொடுக்கறது" என்று பயந்து பாதியில் நிறுத்துவதும் தப்பு.

★

நெமிலி ஒன்றியத்துக்கு வட்டார வள மையம் உண்டு. அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், ஹெச்.எம். மூலமாகவோ நேராகவோ பார்க்கலாம். பள்ளிக் கல்வி உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416, தமிழில் பேசுவார்கள். வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொள்ளலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல வளாகத்துக்குள் இருக்கும் 'நம்பிக்கை நிலையம்' பிள்ளைகளுக்கென்றே உள்ள பிரிவு.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: பிறந்த தேதியும் பிரசவ விவரமும், தடுப்பூசி அட்டை, பள்ளி நோட்டு இரண்டு (நன்றாக எழுதியது ஒன்று, கிறுக்கியது ஒன்று), மிஸ் தன் கையால் எழுதித் தந்த நாலு வரி, ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தான், எழுந்தான் என்ற குறிப்பு, கூடவே அவன் எதில் மூழ்கிக் கிடக்கிறான் என்று நீங்கள் குறித்து வைத்தது. பகலில் பிள்ளையோடு இருக்கும் ஆயாவையும் கூட்டிப்போங்கள், மருத்துவர் கேட்பதில் பாதிக்கு அவரிடம்தான் பதில் இருக்கும்.